எங்கிட்டோ காத்து இழுக்குது

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்கு அவருடைய போனிலிருந்தே வந்தது. புதன்கிழமை, மதியம் இரண்டே கால் இருக்கும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். கடைசிக் குழந்தையும் அழுது ஓய்ந்து, தாய்மார்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். போன் அடித்தது. திரையில் ‘மெக்கானிக் சவரிமுத்து’ என்று வந்தது. எடுத்ததும் நான் முந்திக்கொண்டேன்.

“என்னண்ணே, கேஸ் போயிருச்சா?”

அந்தப் பக்கம் பேசியது அவர் இல்லை. ஒரு பெண்ணின் குரல். அவர் மனைவி லூர்துமேரி. “சிஸ்டர், அவரு போயிட்டாரு சிஸ்டர்” என்றார்.  

அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை பதினொரு மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். என் காருக்கு ஏர் ஃபில்டர் வந்துவிட்டது, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்வதற்காக. போனை வைக்கப் போகும்போது, காலையிலிருந்து நெஞ்சில் கேஸ் பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். நான் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மூன்று மணி நேரத்தில், தன் ஒர்க்ஷாப்பில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். மாரடைப்பு. மதியச் சாப்பாடு கொண்டுபோன லூர்துமேரிதான் பார்த்திருக்கிறார். பதற்றத்தில் அவர் போனை எடுத்து, அதில் கடைசியாகப் பேசியிருந்த எண்ணை அழுத்தியிருக்கிறார். அது என் எண். நான் இருபத்தாறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன்.

அவருடைய வாடிக்கையாளர்களும் டிரைவர்களும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். “நீங்க ஒரு நாலு பக்கம் எழுதுங்க சிஸ்டர், அவரு ஒங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல” என்று என்னிடம் கேட்டார்கள். அந்த ஒரு நிமிடப் போனை மறைத்துவிட்டு, நல்லவர், உழைப்பாளி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. கேஸ் போயிருச்சா என்று நான் கேட்டதை லூர்துமேரி தன் காதால் கேட்டிருக்கிறார். காலையிலேயே எனக்கு விஷயம் தெரியும் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடக்கத்தன்று நான் பக்கத்தில் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரிடம் போய்ச் சொல்லாமல் ஊருக்கு எழுதுவது முறையல்ல என்று ஒரு மாதம் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

உங்களில் பலருக்கு அவரை ஆலங்குடி சாலையில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் வைத்துத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு மஞ்சள் விளக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

என்னுடையது பழைய பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதை வாங்கியதிலேயே என் வீட்டுக்காரருக்கு உடன்பாடு இல்லை. ‘பஸ்ஸில் போனால் என்ன’ என்கிற கட்சி அவர். அந்தக் கார் ஓடும்போது சமர்த்தாக ஓடும். கறம்பக்குடிச் சந்தை நெரிசலில் நின்றால் போதும், இன்ஜின் உறுமல் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், இறங்கும், கடைசியில் பொசுக்கென்று அணைந்துவிடும். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தே என் உயிரை வாங்குவார்கள். கூடவே டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு. பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினேன், பெயர் வேண்டாம். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, “ஆக்சிஜன் சென்சார் கம்ப்ளைன்ட் மேடம்” என்று புதிதாக ஒன்றை மாட்டி, விளக்கையும் அணைத்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் அதே சந்தையில் அதே விளக்கு எரிந்தது. “வித்துத் தொலை” என்றார் வீட்டுக்காரர். விற்றால் அப்புறம் எனக்கு ஏது கார்? மூன்று துணை சுகாதார நிலையங்களுக்கு நான் பஸ் மாறிப் போய்த் திரும்புவதற்குள் பொழுது விழுந்துவிடும்.

அப்போதுதான் எங்கள் மருந்தாளுநர் சவரிமுத்து அண்ணனின் நம்பரைக் கொடுத்தார். நான் பேசியதும் அவர் வீட்டில், “நாளைக்கு சிஸ்டர் வண்டி ஒண்ணு வருது” என்று சொல்லியிருக்கிறார். லூர்துமேரி அதைக் கான்வென்ட் சிஸ்டர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மறுநாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, துடைத்த நாற்காலியும் பழச்சாறுமாக ஒர்க்ஷாப்பில் வந்து நின்றார். நான் போய் இறங்கியதோ தலை நிறையப் பூவும் நெற்றியில் குங்குமமுமாக. போதாக்குறைக்கு வழியில் உரசிய ஒரு ஸ்கூட்டர்க்காரனைத் திட்டிக்கொண்டே. லூர்துமேரியின் முகம் போன போக்கை அண்ணன் ஆறு வருடமும் நடித்துக் காட்டுவார். ஆனாலும் அந்தப் பழச்சாற்றை எனக்குத்தான் கொடுத்தார்கள்.

அவர் ஸ்கேனர் வைத்திருந்த பையைப் பார்த்திருப்பீர்கள். லூர்துமேரி தையல் தைக்கிறவர். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பூப்போட்ட துணியில் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். அதிலிருந்து பக்குவமாக எடுத்துச் செருகி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

“நூத்தி எழுபத்தொண்ணு.”

“அப்படின்னா?”

“காத்து சாஸ்தியா இருக்கு, அதுக்குத் தக்கன பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம் சிஸ்டர்.”

“அதான் சென்சார் கம்ப்ளைன்ட்டுன்னு மாத்தியாச்சேண்ணே. புதுசும் கம்ப்ளைன்ட்டா?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார். “சென்சார்ல கம்ப்ளைன்ட் இல்ல சிஸ்டர். சென்சார் கம்ப்ளைன்ட் குடுக்குது. ரெண்டும் வேற வேற. ‘ஏங்க, காத்து சாஸ்தியா வருதுங்க’ன்னு அது ஒழுங்காத்தான் சொல்லிருக்கு. ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுத்தவனையே புடிச்சு உள்ள வச்சா எப்புடி?”

இருபது வருடம் நோயாளிகளிடம் “என்னம்மா கம்ப்ளைன்ட்?” என்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சொல்லுக்குள் இப்படி இரண்டு ஆள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. நம் ஊரில் பழுதுக்கும் கம்ப்ளைன்ட் என்போம், புகாருக்கும் கம்ப்ளைன்ட் என்போம். அதனால் யார் வாயைத் திறந்தாலும் அவர்களிடம்தான் பழுது என்று ஆகிவிடுகிறது. “ஸ்கேனர்ல வார கோடு நம்பர், கம்ப்ளைன்ட் குடுத்தவன் பேரச் சொல்லும் சிஸ்டர். தப்புப் பண்ணவன் பேரச் சொல்லாது. அவன நாமதான் தேடணும்” என்றார். அவர் சொன்னதில் நான் அதிகம் பேருக்குத் திருப்பிச் சொன்னது இதைத்தான்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். “இன்ஜின் வாசல்ல ஒரு ஆள நிறுத்திருக்காங்க. உள்ள வார காத்த அவன் அளந்து சொல்லுவான், அந்த அளவுக்குப் பெட்ரோல ஊத்தும். கொல்லப்பக்கம் வேலிச் சந்துல நுழையிற காத்து அவனுக்குத் தெரியுமா? தெரியாது. அப்பப் பெட்ரோல் பத்தாமத்தானே போகும்? ஓடுறப்ப வாசல்ல அம்புட்டுக் காத்து வருது, சந்துல வாரது பெருசாத் தெரியாது. நின்னாத்தான் தெரியும். ஒங்க வண்டி எங்கிட்டோ காத்து இழுக்குது சிஸ்டர்.”

எங்கிட்டோ என்றாரே தவிர, உடனே எங்கேயும் கையை வைக்கவில்லை. முதலில் என்னிடம் கேட்டார். “அந்தப் பெரிய ஒர்க்ஷாப்புக்கு முன்னாடி வண்டில யாராச்சும் கை வச்சாங்களா?” இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கயாச்சும் வழியில நின்னு போச்சா, யாராச்சும் சரி பண்ணிக் குடுத்தாங்களா?” என்றார். அதெல்லாம் இல்லை என்றேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும், “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னண்ணே, போலீஸ் மாதிரி கேக்குறீங்க” என்றேன்.

அவர் எல்லாரிடமும் மூன்று தடவை கேட்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் தடவை வண்டிக்காரர்கள் யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்வார்களாம். இரண்டாம் தடவை தாங்கள் பயப்படுவதைச் சொல்வார்களாம். கண்ணால் பார்த்தது மூன்றாம் தடவைதான் வாயில் வருமாம்.

ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு குழாயின் இணைப்பிலும் துளித்துளியாக அடித்துக்கொண்டே வந்தார். ஓட்டை இருக்கிற இடத்தில் அடித்தால் இன்ஜின் காற்றோடு அதையும் சேர்த்து உறிஞ்சும். உடனே சத்தம் மாறும். சூடான இன்ஜினில் நீங்கள் யாரும் இதைச் செய்து பார்த்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும் என்று எனக்கே பத்து முறை சொல்லியிருக்கிறார். கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மூலையில் அடித்ததும், ஏறி இறங்கிக்கொண்டிருந்த உறுமல் சட்டென்று சீரானது. கையை உள்ளே விட்டு, விரல் அளவுக்கு ஒரு குழாயை உருவி என் முன்னால் நீட்டினார்.

“இது எந்தக் கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் சிஸ்டர்?”

எனக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப். சூட்டில் மஞ்சளடித்து, வெந்த சேமியா மாதிரி துவண்டு போயிருந்தது. அதற்கு எட்டு மாதம் முன்பு முகாமுக்குப் போகிற வழியில் சன்னமான ரப்பர் குழாய் ஒன்று கிழிந்து வண்டி நின்றுபோனது. பின்னால் வந்த எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர், “இத்தினியூண்டு டியூப் இருந்தா ஓட்டிட்டுப் போயிரலாம் சிஸ்டர்” என்றார். என் பையிலிருந்து நானே வெட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு மட்டும் என்று போட்டது. சத்தியமாக மறந்தே போனேன்.

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “நீங்க ஆஸ்பத்திரில கேப்பீங்கள்ல, வேற மருந்து எதுவும் சாப்ட்டீங்களான்னு? அவங்களும் இல்லவே இல்லம்பாங்கள்ல? இப்பத் தெரியுதா? அவங்க பொய் சொல்லல சிஸ்டர். அது சொல்ல வேண்டிய விஷயம்னே அவங்களுக்குத் தோணிருக்காது.” புது ரப்பர் குழாயை மாட்டி, வண்டியை அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார். அதன்பிறகு அந்த விளக்கு எரியவில்லை. என் வீட்டுக்காரரும் விற்கிற பேச்சை விட்டுவிட்டார்.

இன்னொரு நாள் நான் அங்கே வண்டிக்காகக் காத்திருந்தபோது, பொன்னமராவதியிலிருந்து ஒரு டாக்சியும் அதன் முதலாளியும் டிரைவரும் வந்தார்கள். சிக்னலில் வண்டி அணைந்து போகிறது என்று டிரைவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். முதலாளியோ, “இவனுக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க, வேற ஆள் போட்டுர்றேன்” என்றார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். அண்ணன் முதலாளியையே டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். ஏசியைப் போடச் சொன்னார். “காலு ரெண்டையும் மேல தூக்கி வச்சுக்கங்க, எதையும் மிதிக்காதீங்க” என்றார். முதலாளி சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தார். ஏழெட்டு நிமிடத்தில் வண்டி தானாக உதறி அணைந்தது.

“இப்ப யாருங்க ஓட்டுனது?” என்று அண்ணன் கேட்டார்.

முதலாளி இறங்கினார். பிரேக்குக்குப் போகிற காற்றுக் குழாயின் அடியில் ஒரு வெடிப்பு இருந்தது. போகும்போது அந்த டிரைவர் அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வரிசையாக நின்ற வண்டிகளில் அந்த டாக்சியும் இருந்தது. அதே டிரைவர்தான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இவ்வளவு விவரமாக மற்றவர் வண்டிகளைப் பார்த்த மனிதர், தன் உடம்பைப் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் தீராத கோபம் உண்டென்றால் அது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, என்னைப் பார்க்க வந்தவரைப் பிடித்து உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தேன். நூற்றறுபதுக்கு நூறு. டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டார். மூன்றாம் மாதம் கேட்டபோது தலையைச் சொறிந்தார்.

“நல்லாத்தானே இருக்கேன் சிஸ்டர். தலவலி கூட இல்ல.”

“பிரஷருக்குத் தலைவலி வந்தாத்தான் மாத்திரையா? ஒங்க வண்டிக்காரங்க யாராச்சும், லைட் எரியல, அதனால ஆயில் மாத்தலன்னு சொன்னா விட்ருவீங்களா?”

“அது சரிதான். ஆனா எனக்கு எங்க சிஸ்டர் லைட் வச்சிருக்கு எரியுறதுக்கு?”

திட்டினேன். நான் திட்டினால் கூடம் முழுக்கக் கேட்கும். மறுபடி மாத்திரையைத் தொடங்கினார். ஆனால் அவ்வப்போது விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் இல்லை என்பார். நானும் இரண்டாம் முறை கேட்க மாட்டேன்.

இனி அந்த ஒரு நிமிடம். என் போனில் இன்னும் இருக்கிறது, ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. இடது கையில் ஒரு குழந்தையின் அட்டை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், எதிரே இருபது தாய்மார்கள். ஃபில்டர் விஷயத்தைச் சொன்னார். சரிண்ணே, சனிக்கிழமை கொண்டு வாரேன் என்றேன். “காலைலருந்து நெஞ்சுல ஒரு மாதிரி கேஸ் புடிச்சாப்புல இருக்கு சிஸ்டர்” என்றார். “வெறும் வயித்தோட கடை தொறந்திருப்பீங்க. ஒரு கேஸ் மாத்திரையப் போடுங்க, சாப்புடுங்க. சாயங்காலமும் இருந்துச்சுன்னா வாங்க” என்றேன். “சரி சிஸ்டர்” என்றார்.

வேர்க்கிறதா என்று நான் கேட்கவில்லை. கை, தோள், தாடை எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்கவில்லை. பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்கவில்லை. இந்தக் கேள்விகளை நான் பயிற்சிக்கு வரும் நர்ஸ் மாணவிகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறவள். நெஞ்சு வலியை கேஸ் என்று சொல்வது நம் ஊரில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். கேஸ் என்றால் யாருக்கும் பயமில்லை, லீவு போட வேண்டியதில்லை, ஒரு சோடாவில் முடிந்துவிடும். அவர் நோயின் பெயரை அவரே சொல்லிவிட்டார், நான் அதற்கு மாத்திரை சொன்னேன். எங்கள் டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அப்போதே வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்றும் அவர் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தேன். லூர்துமேரி தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் போய் எதிரே உட்கார்ந்தேன். முகவுரை எதுவும் எனக்கு வரவில்லை.

“அன்னைக்குக் காலைல பதினோரு மணிக்கு அண்ணன் எனக்குப் போன் பண்ணாரு. நெஞ்சுல கேஸுன்னு சொன்னாரு. நான் கிளம்பி வாங்கன்னு சொல்லல. மாத்திரை போடுங்கன்னு சொல்லிட்டேன்.”

லூர்துமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழவில்லை.

“தெரியும் சிஸ்டர்” என்றார். “போன எடுத்ததும் கேட்டீங்களே. அப்பவே தெரியும்.”

“பின்ன ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல? அன்னைக்கு மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க. நான் செத்துப்போனேன் தெரியுமா?”

“கோவத்துல திருப்பல சிஸ்டர். பயத்துல திருப்புனேன்.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். “காலைல எட்டு மணிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு. நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு மேரின்னாரு. நாந்தான், மொச்சக்கொட்டக் கொழம்ப அளவாத் திங்கச் சொன்னேன்ல, கேட்டீங்களான்னு வஞ்சேன். எலுமிச்சம்பழம் புழிஞ்சு உப்பப் போட்டு சோடா ஒடச்சுக் குடுத்தேன். பெருசா ஏப்பம் விட்டாரு. இப்பத் தேவலன்னாரு. சட்டையெல்லாம் வேர்வை. ஃபேனப் போட்டு விட்டுட்டு, ஒரு ஜாக்கெட் அவசரமாக் கேட்டாங்கன்னு நான் மிஷின்ல உக்காந்துட்டேன். அவரு வண்டிய எடுத்துட்டுப் போனதக்கூட நிமிந்து பாக்கல.”

சேலைத் தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

“நீங்க கேஸ் போயிருச்சான்னு கேட்டீங்கல்ல, எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆயிருச்சு. இந்தம்மா நர்சம்மா, எப்பருந்து இருந்துச்சு, வேர்த்துச்சா, நீ என்ன குடுத்தன்னு ஒவ்வொண்ணாக் கேப்பாங்களேன்னு ஒரு மாசமா ஒங்கள நெனச்சுத்தான் பயந்துக்கிட்டு இருக்கேன். வாசல்ல கார் சத்தம் கேட்டாலே நீங்கதானோன்னு உள்ள போயிருவேன்.”

ஒரு மாதமாக நான் அவர் கேட்டுவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் நான் கேட்டுவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார். “ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு கட்டாயமில்ல மேரி. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அது என் வேலை” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

லூர்துமேரி தலையை ஆட்டினார். “அதெல்லாம் நீங்க முழுசா எடுத்துக்கிட்டுப் போக முடியாது சிஸ்டர். முப்பது வருசம் நான் அவருகூட இருந்திருக்கேன். பாதி நீங்க வச்சுக்கங்க. பாதி எங்கிட்ட இருக்கட்டும்.”

அதன்பிறகுதான் இருவரும் சேர்ந்து அழுதோம். நினைவு மலரில் எழுதச் சொல்கிறார்கள், எதை எழுதுவதென்று தெரியவில்லை என்றேன். “இத எழுதுங்க” என்றார். “நான் சோடா குடுத்ததையும் எழுதுங்க, எம்பேரப் போட்டே எழுதுங்க. நம்ம ஊருல இன்னும் எத்தன பேரு சோடா குடிச்சுக்கிட்டு இருக்காங்களோ.” அதனால்தான் எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிற நீங்கள் நெஞ்சில் கேஸ் என்று யாராவது சொல்லக் கேட்டால், தயவுசெய்து அவர்களைக் கிளப்பிக்கொண்டு ஓர் ஈசிஜி எடுக்க வாருங்கள். கேஸாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் நிலையத்தில் இப்போது கேஸ் என்று வருகிற எவரையும் நான் மாத்திரையோடு அனுப்புவதில்லை. வைகிறார்கள், அவசரம் என்கிறார்கள். உட்காருங்கள் என்று அதட்டி உட்கார வைக்கிறேன்.

சவரிமுத்து அண்ணனிடமிருந்து நான் என்னிடம் வைத்துக்கொண்டிருப்பது லூர்துமேரி பங்கு பிரித்துக் கொடுத்த அந்தப் பாதிதான். புதன்கிழமை காலை பதினொரு மணி ஆனால் அது கனக்கத் தொடங்கும். தடுப்பூசிக் கூட்டத்தை ஐந்து நிமிடம் நிறுத்திவைத்துவிட்டு, வெளியே வந்து லூர்துமேரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம்தான் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், அவருக்குக் காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடுகிறதாம். இப்போது எட்டு மணிக்கே கூப்பிட்டுவிடுகிறேன்.